நாலு ஆள் பாரம்

அந்த வருஷம் எங்கள் பக்கத்துக்கு ஒரே ஒரு பஸ்தான் வந்துகொண்டிருந்தது. காலை எட்டேகாலுக்குப் போளூரில் புறப்பட்டு, பதினோரு மணி வாக்கில் எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்கும். மூன்று மணிக்கு அதே வழியில் இறங்கிவிடும். பாதை பிரியும் இடத்திலிருந்து ஊர் இரண்டு மைல். நடுவில் ஒரு காட்டாறு, பாலம் கிடையாது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மலை ரோடு ஆங்காங்கே கரைந்து பஸ் நின்றுபோகும். கார்த்திகை முடியும் வரை வராது.

என் மனைவி அங்கே துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். நான் ஒரு நாளிதழுக்குத் தாலுகா நிருபர். செய்தியை எழுதி உறையில் போட்டு, மூன்று மணி பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவேன். ஊரில் யாருக்கும் என் தொழில் பற்றி அக்கறை இல்லை. என்னை ‘நர்சம்மா வூட்டுக்காரரு’ என்றார்கள். அது சரியான விவரம்தான் என்பதால் நானும் திருத்தவில்லை.

புரட்டாசி பிறந்தபோது அவளுக்கு ஏழாவது மாதம். கார்த்திகை நடுவில் பிரசவம் என்று அவளே கணக்குப் போட்டிருந்தாள். ஐப்பசி முதல் வாரமே போளூருக்கு இறங்கிவிடலாம் என்றேன். அவளுடைய பட்டியலில் அதே சமயத்தில் பிரசவிக்க வேண்டிய மூன்று பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆனதும் வருகிறேன் என்றாள். மூன்று பேருக்கும் ஆகி முடிவதற்குள் ரோடு போய்விடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால்தான் மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவு செய்தேன். பஸ் வராத நாளில் வலி எடுத்தால் அவளைப் பின்னால் உட்கார வைத்து அடிவாரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு வண்டி.

வண்டி வருவதற்கு முன்பே நான் அதை ஓட்டத் தொடங்கிவிட்டேன். அந்த மாதத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையின் மூடுபனி, ஊரில் மஞ்சு என்பார்கள், இறங்கி வீட்டுக்குள்ளேயே வரும். ஜன்னல் வழியாக நுழைந்து, மேஜைமேல் இருக்கும் காகிதங்களை ஈரமாக்கிவிட்டு, வாசல் வழியாக வெளியேறும். கட்டிலில் கண்ணை மூடினால் நான் வண்டியில் இருப்பேன். அவள் பின்னால் இருப்பாள். முகம் தெரியாது, தோளில் கை மட்டும். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, ரோடு பின்னல் பிரித்த ரிப்பன் மாதிரி நேராகிக் கீழே போகும். டயர் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பேன், மஞ்சில் தெரியாது. வண்டி ஒருநாள் கறுப்பாக இருக்கும், ஒருநாள் பச்சையாக. சத்தமே இருக்காது.

விழித்தபின் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். தரையிலிருந்து எஞ்சின் உயரம் எவ்வளவு. ஒருமுறை பெட்ரோல் நிரப்பினால் போளூர் போய்த் திரும்ப முடியுமா, ஏனென்றால் மலைமேல் பெட்ரோல் கிடையாது. சீட்டின் நீளம் என்ன. கூட எடுத்துப்போக ஒரு டியூப், பம்ப், கிளட்ச் கேபிள், இரண்டு ஸ்பார்க் பிளக், பதினைந்து முழக் கயிறு, தார்ப்பாய், டார்ச். அவள் அதை ஒருநாள் எடுத்துப் படித்துவிட்டு, “பஞ்சு எழுதலியே” என்றாள். எழுதிக்கொண்டேன்.

முதலில் பார்த்தது போளூரில் ஓர் அரிசி மில்காரரின் வண்டி. பெரிய நாலு ஸ்ட்ரோக் வண்டி, போலீஸ்காரர்கள் ஓட்டுவது. அதன் சத்தம் நின்று நிதானித்து வரும், அவசரமே இல்லாத ஒருவர் பேசுவது போல. எனக்கு அந்தச் சத்தத்திலேயே மனம் போய்விட்டது. மலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றதும் மில்காரர் தன் டிரைவரோடு அனுப்பினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வளைவுகளில் ஒரு குறையும் இல்லை.

காட்டாற்றில் அன்று முழங்கால் தண்ணீர். அக்கரையில் நாலைந்து பேர் சாமை வயலுக்குப் போகிறவர்கள், எங்களைப் பார்த்து நின்றார்கள். அவர்கள்தான் எங்கள் ஊரில் டோலி தூக்குகிறவர்கள். நோயாளியைப் போர்வையில் படுக்க வைத்து, போர்வையின் இரண்டு முனையையும் கல்மூங்கில் கழியில் கட்டி, தோளில் வைத்து நடப்பார்கள். அவர்களில் முன்னால் தோள் கொடுப்பவருக்கு என் வயதுதான் இருக்கும். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவு காய்ப்பு. அவர் தண்ணீரில் இறங்கி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா சார், யாருக்கு இது?”

“எனக்குத்தான். வாங்கலாம்னு.”

“மழை வந்தா இத்த எப்டி இந்தாண்ட கொண்டாருவீங்க?”

“ஓட்டிக்கிட்டுத்தான்.”

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “ஓட்டிக்கினு வருவாராம்பா.” பிறகு என்னிடம், “ஆறு உங்கள ஓட்டிக்கினு போய்டும் சார்,” என்றார்.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரைத் தூக்கப் போனாலும் முதலில் ஒருமுறை போர்வையோடு லேசாகத் தூக்கிப் பார்ப்பார்கள். நாலு ஆள் பாரமா, ஆறு ஆளா என்று சொல்வார்கள். அத்தனை ஆள் சேர்ந்த பிறகுதான் கழியை எடுப்பது. குறைந்த ஆளோடு புறப்பட்டுப் பாதி வழியில் கீழே வைப்பது அவர்களிடம் பெரிய கேவலம். அந்தக் கண்ணால்தான் வண்டியையும் பார்த்தார்கள். மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்ட வேண்டுமானால் வண்டியையும் கழியில்தான் தொங்கவிட வேண்டும். இது என் நோட்டில் இல்லை.

முன்புறம் இரண்டு பேர், பின்புறம் இரண்டு பேர் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். டயர் கரை மணலிலிருந்து நாலு விரல்கடை எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

“எட்டு ஆளு,” என்றார் முன்தோள்காரர். “ஆறு பேரு தூக்கிடலாம். பாசிக் கல்லுல ஒருத்தன் கால் வுட்டா அல்லாரும் போவோம்.”

மில்காரரின் டிரைவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இது போலீஸ்காரங்க ஓட்ற வண்டிப்பா.”

“அப்ப போலீஸ்காரங்களயே வந்து தூக்கச் சொல்லு நைனா.”

மழை நாளில் எங்கள் ஊரில் எட்டு ஆள் ஒரே நேரத்தில் சேர மாட்டார்கள். நான் அந்தச் சத்தத்தை ஆற்றங்கரையோடு விட்டுவிட்டேன்.

இரண்டாவது, கணியம்பாடியில் ஒரு மெக்கானிக் பாய் வைத்திருந்த வண்டி. இரண்டு பக்கமும் சைலன்சர், டேங்க்கில் குரோமியம் மின்னும். தெருவில் போனால் எல்லோரும் பார்க்கிற வண்டி.

“ஷோக்கான வண்டி சார். ஒரே பெடல். ஸ்டார்ட் பண்றதும் அதான், கியர் போட்றதும் அதான். இதுக்கு மேல இன்னா ஓணும்?”

“எவ்வளவு கனம் இருக்கும்?”

“கனமா?” பாய் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஓட்டப் போறீங்களா, தூக்கப் போறீங்களா?”

“ரெண்டும்தான்.”

ஆற்றைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தோம். ஐந்து ஆளுக்கு மேல், ஆறுக்குக் கீழ் என்று எனக்குத் தோன்றியது. அதற்குள் எனக்கும் அந்தக் கணக்கு பழகியிருந்தது. பாய் குனிந்து சைலன்சரைத் தட்டிக் காட்டினார். “பாருங்க, எவ்ளோ கீழ கீது. தண்ணி பூந்துச்சுன்னா பேஜாரு. வேணாம் சார். காவலூர்ல ஒரு டிரைவர் பால்கார வண்டி ஒண்ணு வச்சினு கீறாரு. அத்தப் போய்ப் பாருங்க. என் வண்டிய நானே வேணாம்னு சொன்னது வெளிய தெரிய வேணாம், பொழப்பு கெட்டுடும்.”

காவலூருக்கு ஐப்பசி முதல் வாரம் போனேன். வானத்தைப் பார்க்கிற தொலைநோக்கி இருக்கும் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேல் இருந்தது. பகலில் அது மூடிக்கிடக்கும். மஞ்சு கலைந்தால் தெரியும், சேர்ந்தால் போய்விடும். பத்து நிமிடத்தில் மூன்று தடவை இருந்தது, மூன்று தடவை இல்லை. அந்த டிரைவர் ஒரு கூரைக்கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சிறிய டூ ஸ்ட்ரோக். மெலிந்த உடம்பு, உயர்ந்த சக்கரம், நீளமான சீட். பால் கேன் மாட்டுகிறவர்கள் ஓட்டுகிற, யாரும் திரும்பிப் பார்க்காத வண்டி. முன்விளக்கின் மேல்பாதிக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது.

“நான்தான் அடிச்சேன். மேல வெளிச்சம் போவக் கூடாது இங்க. சுரண்டினா வந்துடும்.”

நான் சுரண்டவேயில்லை. ஒற்றை ஆளாகப் பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். அது எழும்பியது. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, “வண்டி வாங்க வந்தீங்களா, ஆட்டுக்குட்டி வாங்க வந்தீங்களா?” என்றார்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, அதிலேயே ஜமுனாமரத்தூர் வழியாகத் திரும்பினேன். அந்த மூன்று மணி நேரம் இன்றைக்கும் என்னிடம் முழுசாக இருக்கிறது, ஆனால் வரிசையாக இல்லை. சாமைக் கதிர்கள் ரோட்டின் இரு பக்கமும் நனைந்து சாய்ந்திருந்தன. ஒரு வளைவில் மஞ்சுக்கு மேலே இருந்தேன், அடுத்த வளைவில் உள்ளே, அதற்கு அடுத்ததில் கீழே. புளியமரங்கள் ஒவ்வொன்றாக அருகே வந்து, பெயர் கேட்பது போல் ஒரு கணம் நின்று, பின்னால் போயின. நான் கனவில் ஓட்டிய வண்டிக்குச் சத்தம் இல்லை. இது தையல் மிஷின் மாதிரி விடாமல் பேசிக்கொண்டே வந்தது. தோளில் ஒரு கை இருப்பதாகவே நினைத்து, குழிகளில் வேகத்தைக் குறைத்தேன்.

மறுநாள் ஊரே சோதனைக்கு வந்துவிட்டது. கழியில் கட்டித் தூக்கிப் பார்த்தார்கள். முன்தோள்காரர், “நாலு ஆளு,” என்று தீர்ப்புச் சொன்னார். பிறகு பின்சீட்டில் ஒரு சாமை மூட்டையை நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் என்னோடு சேர்த்துக் கட்டி, ஏற்றத்தில் விட்டார்கள். மூட்டை சாயவில்லை. இரண்டாம் முறை, மூட்டையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால் ஏறினார்.

“நர்சம்மா அசையாம வருது பாருங்க!” என்று ஒருவர் மூட்டையைக் காட்டிக் கத்தினார்.

“வாயும் தெறக்கல. நர்சம்மா இல்ல அது,” என்றார் இன்னொருவர்.

பெண்கள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். என் மனைவி நிலையத்தின் வாசலில் நின்று, ஒரு குழந்தையை எடை பார்த்தபடி, எங்களையும் பார்த்தாள். பிறகு எடையை எழுதிக்கொண்டாள். வண்டியைப் போளூரில் கொடுத்து, பெண்கள் கால் வைக்க ஒரு பலகையும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் பற்ற வைத்தேன். சீட்டுக்குப் பஞ்சு மெத்தை ஒன்று தைக்கச் சொன்னேன். ஒரு டின் பெட்ரோலை ஆயில் கலந்து வீட்டில் வைத்தேன்.

ஐப்பசி பதினைந்தாம் தேதிக்குமேல் பஸ் வரவில்லை. மழை பெய்கிறதா, நின்றிருக்கிறதா என்று சொல்ல முடியாத நாட்கள். பட்டியலில் இருந்த மூன்று பெண்களில் இரண்டு பேருக்குப் பிரசவம் ஆகிவிட்டது. கார்த்திகை முதல் ஞாயிறு, விடிந்து கொஞ்ச நேரத்தில், அடுப்பங்கரையிலிருந்து அவள், “ஏங்க,” என்று கூப்பிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணக்குக்கு இரண்டு வாரம் முன்னால்.

பயிற்சி செய்தபடி எல்லாம் செய்தேன். வண்டியை வெளியே எடுத்தேன், மெத்தையைக் கட்டினேன், கயிறு, தார்ப்பாய். அவள் படியில் வந்து நின்று எல்லாவற்றையும் முடிக்கும் வரை பார்த்தாள்.

“நான் இதுல ஏற மாட்டேன்.”

“என்ன சொல்ற?”

“வலி எடுத்த பொம்பளையால இதுல உக்கார முடியாதுங்க. எந்த வண்டியிலயும் முடியாது. அந்தக் குழியில ரெண்டு தடவ தூக்கிப் போட்டா ரோட்லயே ஆயிடும்.”

“இத்தன நாளா சொல்லலியே!”

“நீங்க கேக்கலியே. மூட்டையத்தானே கேட்டீங்க.” வலி வந்து போகும்வரை பேச்சை நிறுத்தினாள். “வண்டி வேணும்தான். அதனாலதான் சும்மா இருந்தேன். கீழ போய்ப் பெரிய நர்ச கூட்டிக்கினு வாங்க. மொத பிரசவம், எனக்கு ரத்தம் கம்மி. பின்னால ரத்தப்போக்கு ஆச்சுன்னா நானே எனக்கு ஊசி போட்டுக்க முடியாது. அந்த ஊசி இங்க தீந்துபோச்சு, எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

இரண்டு மாதமாக நான் அவளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். அவளோ ஒருவரை மேலே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மெத்தையைக்கூட அவிழ்க்காமல் புறப்பட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் உள்ளே போய் அவளுக்குத் துணையாக உட்கார்ந்தாள். ஐந்து குழந்தை பெற்றவள்.

ஆறு பழுப்பாக, இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. நாலு பேர் வந்துவிட்டார்கள். கயிற்றைக் கட்டி, கழியைத் தோளில் ஏற்றி, இறங்கினார்கள். நான் பின்னால் ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நடந்தேன். மஞ்சில் அவர்கள் கால்கள் தெரியவில்லை, தண்ணீரும் சரியாகத் தெரியவில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும் சற்றே ஆடியபடி, நோயாளியைப் போல அமைதியாக, என் முன்னால் காற்றில் போனது. முன்சக்கரம் தானாகவே மெல்லச் சுழன்றது. நான் கண்டதிலேயே கனவுக்கு மிக அருகில் இருந்த காட்சி அது. ஆனால் கால் மரத்துப்போகும் குளிர் இருந்தது, முன்தோள்காரர் ஒவ்வொரு அடிக்கும் “கல்லு, கல்லு” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அக்கரையில் இறக்கி வைத்ததும் நாலாவது உதைக்கு வண்டி பேசியது. இரண்டு இடத்தில் ரோடு பாதிதான் இருந்தது. பெரிய வண்டி அந்த இடத்தில் திரும்பியிருக்காது.

அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெரிய நர்ஸ் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், நல்ல கனமான உடம்பு. விஷயத்தைச் சொன்னதும் பையை எடுத்தார், ஊசி மருந்தை எடுத்துத் தனியாகத் துணியில் சுற்றினார். வெளியே வந்து வண்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“இதுலயா? நான் சைக்கிள்லகூட குந்துனதில்லப்பா.”

“மெத்தை இருக்குங்க. கால் வைக்கப் பலகை இருக்கு. பிடிச்சுக்கக் கம்பி இருக்கு.”

“எல்லாம் எனக்குன்னே செஞ்ச மாரி சொல்றியே!”

உட்கார்ந்தார். என் தோளை அல்ல, கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். ஏற்றம் முழுவதும் என்னைத் திட்டினார், வளைவுகளில் சாமியைக் கூப்பிட்டார். மேலிருந்து நாலாவது வளைவில் வண்டி இருமி நின்றுவிட்டது. பிளக் கறுத்துப்போயிருந்தது. சட்டைப் பையிலிருந்த புது பிளக்கை மாற்றினேன். அவர் மைல் கல்லின்மேல் உட்கார்ந்து, “எவ்ளோ நேரம்ப்பா ஆவும்? ஜல்தி பாரு,” என்றார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மாற்றினேன். ஆறு நிமிடம். கிளம்பும்போது பத்து இருபது. கீழே பள்ளத்துக்கு அப்பால், நேர்க்கோட்டில் பார்த்தால் கிட்டத்திலேயே, எங்கள் ஊர்க் கூரைகள் ஒரு கணம் தெரிந்து மறைந்தன.

ஆற்றங்கரையில் அந்த நாலு பேரும் போகாமல் காத்திருந்தார்கள், கூட இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு. பெரிய நர்ஸைப் போர்வையில் உட்கார வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்தார்கள்.

“ஆறு ஆளு,” என்றார் முன்தோள்காரர்.

“இன்னாய்யா எண்ற?” என்று பெரிய நர்ஸ் அதட்டினார். அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

வீட்டுக்குப் போனபோது குழந்தை ஏற்கெனவே பிறந்திருந்தது. பெண். பக்கத்து வீட்டுப் பெண் தொப்புள்கொடியை அறுத்து, துடைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தாள். ஆனால் அறையில் யாரும் சிரிக்கவில்லை. நஞ்சுக்கொடி விழவில்லை, ரத்தம் நிற்கவில்லை. என் மனைவியின் உதடு வெளுத்திருந்தது. பெரிய நர்ஸ் ஈரப்புடவையோடு உள்ளே போய் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே தண்ணீர் கேட்கிற குரல், ஊசிக்குழாய் தட்டில் படுகிற சத்தம், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. மஞ்சு வாசல் வரை வந்து என் காலடியில் நின்றது. நான் எதையும் நினைக்கவில்லை. கதவுப் பலகையில் இருந்த ஆணிகளை எண்ணினேன். பதினான்கு.

கதவைத் திறந்துகொண்டு பெரிய நர்ஸ் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே, “நின்னுச்சு. இன்னும் அரைமணி போயிருந்தா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல,” என்றார். பிறகு, “சூடா எதுனா குடு. எனக்கும்தான்,” என்றார்.

மாலையில் அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். குரல் மெலிந்திருந்தது, ஆனால் நிலையத்தின் பிறப்புப் பதிவேட்டைக் கேட்டாள். தன் பெயரைத் தாய் என்ற இடத்தில் தானே எழுதினாள். பிரசவம் பார்த்தவர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரையும் பெரிய நர்ஸின் பெயரையும் எழுதினாள். பிறந்த நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.

“மணி பார்த்தியா?”

“நான் இன்னாத்தப் பாக்கறது நர்சம்மா, மணியப் பாக்கவா, உன்னப் பாக்கவா?” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். கொஞ்சம் யோசித்தாள். “வண்டிச் சத்தம் மேல கேட்டுக்கினே இருந்துச்சு. அப்பறம் நின்னுபோச்சு. அய்யய்யோ, வண்டி கெட்டுச்சு, இனிமே யாரும் வர மாட்டாங்கன்னு உனக்கு ஒரே அழுகை. அப்பறம் டப டபன்னு மறுபடி கேட்டுச்சு பாரு, அப்பதான் பொறந்துச்சு.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். “எப்ப திரும்ப ஸ்டார்ட் பண்ணீங்க?”

“பத்து இருபது.”

“இருபதா, இருபத்தஞ்சா? சரியா சொல்லுங்க. பதிவேடு இது.”

“இருபது. பார்த்தேன்.”

எழுதிவிட்டு மை காயும் வரை திறந்தே வைத்திருந்தாள்.